தேடுவோரும் தேடுகருவியும்: கல்வி நூலகங்களில் பயன்பாட்டுச் சோதனை

நூலகத்தில் ஒரு நூல் இருப்பது வேறு. அது தேடுகிறவருடைய கைக்கு வந்து சேர்வது வேறு. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது நூற்பட்டியல். முன்னாளில் அது மர இழுப்பறைகளில் அடுக்கப்பட்ட அட்டைகளாக இருந்தது. இன்றோ கணினித் திரையில் ஒரு வெற்றுப் பெட்டியாகவும் அதனருகே ஒரு பொத்தானாகவும் சுருங்கி நிற்கிறது. அப்பெட்டியில் இரண்டொரு சொற்களை இட்டுப் பொத்தானை அழுத்தும் மாணவர், ‘முடிவுகள் எவையும் இல்லை’ என்னும் விடையைக் கண்டால் யாது எண்ணுவார்? அப்பொருள் பற்றி இந்நூலகத்தில் ஒன்றுமில்லை என்று எண்ணுவார்; அன்றேல், தமக்குத் தேடத் தெரியவில்லை என்று நாணி வாளாவிருப்பார். நூல் அலமாரியில் இருக்கிறது, தேடும் முறையிலும் பெருங்குறையில்லை, இடையிலுள்ள கருவியே இடறலாயிற்று என்னும் மூன்றாவது சாத்தியம் அவருக்குத் தோன்றுவதே இல்லை.

இதனால் விளையும் இழப்பு சிறியதன்று. ஆய்வேடு எழுதும் மாணவர் தம் பொருள் பற்றி முன்னரே எழுதப்பட்டதை அறியாமல் எழுதுகிறார். ஆசிரியரும் அதை அறியாராயின், அவ்வேடு அப்படியே ஏற்கப்பட்டுவிடுகிறது. கிராமச் சபையிலிருந்து நாள் முழுவதும் பயணம் செய்து வந்து, நூலகத்தில் இரண்டு மணி நேரம் செலவிடும் ஆயர் ஒருவர் வெறுங்கையோடு திரும்புகிறார். பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய இதழ்த் தொகுதிகள் தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. இவ்விழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எடுக்கப்பட்ட நூல்களை எண்ணலாம்; கிடைக்காமற் போனவற்றை எவ்வாறு எண்ணுவது?

அதனை ஓரளவேனும் கண்ணுக்குப் புலனாக்கும் முறை ஒன்று கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்துள்ளது. பயன்பாட்டுச் சோதனை என அதனை அழைப்போம். அதன் தன்மையையும், அது கல்வி நூலகங்களில் வெளிப்படுத்தியவற்றையும், இறையியல் நூலகங்களுக்கு அது குறிப்பாக உணர்த்துவதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பழைய கேள்வி, புதிய கருவி

பயன்படுத்துவோரை மனத்திற்கொண்டு பட்டியலை அமைக்க வேண்டும் என்பது புதிய எண்ணமன்று. அமெரிக்க நூலகரான சார்லஸ் அம்மி கட்டர் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல் விதிகளில், ஆசிரியர் பெயரையோ நூற்பெயரையோ பொருளையோ அறிந்த ஒருவர் தாம் வேண்டும் நூலைக் கண்டடையச் செய்வதே பட்டியலின் முதல் நோக்கம் எனக் குறித்தார். பட்டியலிடுபவரின் வசதியைவிடப் பொதுமக்களின் வசதியே முன்நிற்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக, படிப்போரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதை வைத்தார். அவர் அடிப்படையில் கணித ஆசிரியர். ஆகவே ‘நேரம்’ என்று அவர் சொன்னபோது அளக்கத்தக்க ஒன்றையே கருதினார் என நாம் கொள்வது பொருந்தும்.

ஆயினும், கணினி நூலகத்திற்குள் நுழைந்தபோது இக்கொள்கை சற்றே மறக்கப்பட்டது. 1960-களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் அம்மையார் உருவாக்கிய ‘மார்க்’ என்னும் பதிவு முறை, நூலகங்கள் பட்டியல் பதிவுகளைத் தம்முள் பரிமாறிக்கொள்ள வழி செய்தது. அது அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் முதல் நோக்கம் பதிவுகளை ஒழுங்காகச் சேமிப்பதும் அட்டைகளை அச்சிடுவதுமேயன்றி, முன்பின் அறியாத மாணவர் ஒருவர் திரைமுன் அமர்ந்து தேடுவதன்று. பின்னர் அப்பதிவுகள் அப்படியே திரைக்கு ஏற்றப்பட்டன. அட்டையின் தருக்கம் திரையில் தொடர்ந்தது.

கிறிஸ்டின் போர்க்மன் என்னும் ஆய்வாளர் 1986-இல் எழுதிய கட்டுரையில், இணைவழிப் பட்டியல்கள் ஏன் பயன்படுத்தக் கடினமாயுள்ளன என வினவினார். பத்தாண்டு கழித்து 1996-இல், அவை ஏன் ‘இன்னும்’ கடினமாயுள்ளன என மீண்டும் வினவினார். தேடுவோருக்கு மூன்று வகை அறிவு தேவைப்படுகிறது என்பது அவர்தம் விளக்கம். முதலாவது, தம் உள்ளத்திலுள்ள தேவையைத் தேடத்தக்க வினாவாக மாற்றும் அறிவு. இரண்டாவது, அவ்வினாவை எந்தப் புலத்தில், எவ்வாறு இடுவது என்னும் அறிவு. ஆசிரியர் பெயரா, நூற்பெயரா, பொருட்டலைப்பா என்பது இதில் அடங்கும். மூன்றாவது, பொத்தானை அழுத்துதல் முதலிய கைத்திறன். நம் நூலகங்களில் நடைபெறும் அறிமுக வகுப்புகள் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே கற்பிக்கின்றன என்பதை வாசகர் தம் அனுபவத்தில் அறிந்திருப்பர். இடர்ப்பாடு முதல் இரண்டிலேயே மிகுதி.

சோதனை என்பது யாது?

கருத்துக் கணிப்பு வேறு, பயன்பாட்டுச் சோதனை வேறு. ‘நம் நூலகத்தின் தேடுகருவி நன்றாக இருக்கிறதா?’ என்று தாளில் கேட்டால், மாணவர் பெரும்பாலும் ‘நன்று’ என்றே குறிப்பர். நம் நாட்டில் கேட்பவர் ஆசிரியராகவோ நூலகராகவோ இருந்தால் வேறு விடையை எதிர்பார்ப்பதற்கில்லை. பயன்பாட்டுச் சோதனையோ கருத்தைக் கேட்பதன்று, செயலைக் காண்பது. மெய்யான ஒரு பணியை மெய்யான ஒரு பயனாளரிடம் கொடுத்து, அவர் அதனைச் செய்வதை அருகிருந்து கவனிப்பதே அது.

பயன்பாட்டுத் தன்மையைப் பற்றி 1998-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பெற்ற ஐ.எஸ்.ஓ. 9241 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் பதினோராம் பகுதி, மூன்று அளவைகளைக் கூறுகிறது. கருதிய பணி நிறைவேறுகிறதா, அதற்கு எவ்வளவு முயற்சியும் நேரமும் செலவாகின்றன, செய்தவர் மனநிறைவு அடைகிறாரா என்பன அவை. குறிப்பிட்ட பயனாளர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் ஆகியவற்றோடு பொருத்தியே இவற்றை அளக்க வேண்டும் என்றும் அது வற்புறுத்துகிறது. இக்குறிப்பு முக்கியமானது. பொதுவாக எளிய கருவி என்று ஒன்றில்லை. ஒருவருக்கு, ஒரு வேலைக்கு எளியது என்பதே உண்டு. ஆங்கிலத்தில் முதுகலை முடித்து வந்த மாணவருக்கு எளிதாயிருக்கும் திரை, தமிழ்வழி பயின்று வந்தவருக்குச் சுவராயிருக்கலாம்.

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் ஆகிய இருவர் 1985-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிப்படையானது. தொடக்கத்திலேயே பயனாளரை அறிதல், அவர்கள் செய்வதை நேரில் அளந்து காணுதல், கண்ட குறையைத் திருத்தி மீண்டும் சோதித்தல் என மூன்று நெறிகளை அவர்கள் முன்வைத்தனர். இவை யாவரும் அறிந்தவையே என்று கருவி அமைப்போர் சொல்லக்கூடும். ஆனால் அமைப்போரைக் கேட்டபோது அவர்களுட் பலர் இவற்றைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் அவ்விருவரே சுட்டிக்காட்டினர்.

சோதனை நடைபெறும் முறை

செலவு மிகுந்த ஆய்வுக்கூடம் இதற்குத் தேவையில்லை. ஓர் அமைதியான அறை, ஒரு கணினி, நடத்துபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர் இருந்தால் போதும். திரையில் நிகழ்வதைப் பதிவு செய்ய இயலுமாயின் நன்று. ஒருவருக்கு முக்கால் மணி நேரத்திற்கு மேல் வேண்டியதில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பணிகளை எழுதுவதில்தான். ஆறு அல்லது ஏழு பணிகள் போதுமானவை. ஒவ்வொன்றும் மாணவர் வாழ்வில் மெய்யாக எழுவதாக இருக்க வேண்டும். ‘பொருட்டலைப்புத் தேடலைப் பயன்படுத்தித் திருவிருந்து பற்றிய நூல்களைக் காண்க’ என்று எழுதினால் அது சோதனையாகாது. வழியை நாமே சொல்லிவிட்டோமே! ‘திருவிருந்தைப் பற்றி அடுத்த வாரம் நீங்கள் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும், அதற்கு உதவும் நூல்கள் இரண்டினைக் கண்டு, அவை அலமாரியில் எங்கே உள்ளன எனக் கூறுக’ என்று எழுத வேண்டும். திரையிலுள்ள பொத்தானின் சொல் பணியின் வாசகத்தில் இடம்பெறலாகாது. இடம்பெற்றால், மாணவர் பொருளைத் தேடாமல் அச்சொல்லையே தேடி அழுத்துவார். அடிக்குறிப்பு ஒன்றைத் தாளில் கொடுத்து, அதிலுள்ள இதழ்க் கட்டுரையைக் கண்டுபிடிக்கச் சொல்வது மற்றொரு நல்ல பணி. எளியதுபோல் தோன்றும் இப்பணியில் தடுமாறுவோர் பலர். அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

நடத்துபவர் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று: ‘நாங்கள் சோதிப்பது உங்களை அன்று, இக்கருவியை. உங்களுக்கு எங்கேனும் தடை ஏற்பட்டால், அது எங்களுக்கு உதவியே.’ இதனைச் சொன்னால் மட்டும் போதாது. மாணவர் நம்பும்படி நடந்துகொள்ளவும் வேண்டும். இக்காரணத்தாலேயே அம்மாணவருக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர் நடத்துபவராக இருத்தல் கூடாது என்பது எம் உறுதியான கருத்து. நூலகர்கூடத் தாமே நடத்தாமல், மூத்த மாணவர் ஒருவரைப் பழக்கி நடத்தச் செய்வது சாலச் சிறந்தது. கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்பதையும், விரும்பினால் நடுவில் எழுந்து செல்லலாம் என்பதையும், குறிப்புகளில் பெயர் இடம்பெறாது என்பதையும் முன்னரே தெளிவாக்கிவிட வேண்டும்.

அடுத்து, ‘உரக்கச் சிந்தித்தல்’ என்னும் முறை. தேடும்போது தம் மனத்தில் ஓடுவதை மாணவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செல்ல வேண்டும். ‘இங்கே ஒரு பெட்டி இருக்கிறது... இதில் பெயரை இடுவதா, தலைப்பை இடுவதா தெரியவில்லை... சரி, இரண்டையும் இடுகிறேன்...’ இவ்வாறு. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இம்முறைக்கு அடித்தளமாயிற்று. (சைமன் 1978-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர், அவர் புகாத துறை அரிது.) மனத்தில் அப்போது உள்ளதை அப்படியே சொல்லச் செய்தால் சிந்தனையின் போக்கு பெரிதும் மாறுவதில்லை என்றும், ‘ஏன் அப்படிச் செய்தீர்?’ என்று காரணம் கேட்டால் போக்கே மாறிவிடும் என்றும் அவர்கள் விளக்கினர். எனவே நடத்துபவர் இடையில் காரணம் கேட்கலாகாது. மாணவர் மௌனமானால், ‘இப்போது என்ன எண்ணுகிறீர்கள்?’ என்று மெல்ல நினைவூட்டலாம், அவ்வளவே.

இதில்தான் கற்பிப்போராகிய நாம் பெரும்பாலும் தோற்போம் என அஞ்சுகிறோம். மாணவர் தவறான இடத்தை அழுத்தப் போகிறார் என்று கண்டதும் நம் விரல் தானாகத் திரையை நோக்கி நீள்கிறது. இரண்டு நிமிடம் பொறுத்திருப்பது சொற்பொழிவு ஆற்றுவதினும் கடினம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில்தான் சோதனையின் பயன் முழுவதும் இருக்கிறது. நாம் காட்டிக்கொடுத்த கணமே, கருவியின் குறை மறைந்து நம் உதவி மட்டும் எஞ்சுகிறது. உதவ நாமில்லாத நள்ளிரவில் விடுதி அறையில் தேடும் மாணவரின் நிலையை அறியும் வாய்ப்பும் போய்விடுகிறது.

முடிவில் ஒரு சிறு வினாத்தாள் கொடுப்பது வழக்கம். இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் 1986-இல் அமைத்த பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் இன்றும் பரவலாக வழங்குகிறது. கூற்றுகளுள் ஒன்றுவிட்டு ஒன்று கருவிக்குச் சாதகமாயும் பாதகமாயும் அமைந்தவை; விடைகளைக் கூட்டிக் கணக்கிட்டால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். இது விழுக்காடு அன்று. பல கருவிகளில் கண்ட சராசரி ஏறத்தாழ 68 என்பர். எனினும் இம்மதிப்பெண் நோயின் கடுமையைக் காட்டுமேயன்றி நோய் இன்னதென்று காட்டாது. கண்ணால் கண்ட குறிப்புகளே அதைக் காட்டும்.

எத்தனை பேர் வேண்டும்?

ஐந்து பேர் போதும் என்னும் கூற்று இத்துறையில் ஏறக்குறையப் பழமொழியாகிவிட்டது. அதன் தோற்றத்தை அறிந்துகொள்வது நன்று. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல், தாம் ஆராய்ந்த சோதனைகளில் ஒரு பயனாளர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்கிறார் எனக் கணித்தனர். அப்படியாயின் இருவர் 52 விழுக்காட்டையும், மூவர் 67 விழுக்காட்டையும், ஐவர் சுமார் 84 விழுக்காட்டையும் வெளிக்கொணர்வர். ஆறாமவர் முதல் புதிதாகக் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். ஆகவே பதினைந்து பேரை ஒரே முறை சோதிப்பதைவிட, ஐவரைச் சோதித்துத் திருத்தி, வேறு ஐவரை மீண்டும் சோதித்துத் திருத்தி, மூன்றாம் முறையும் அவ்வாறே செய்வது மேல் என்பது அவர்கள் வாதம்.

வாதம் செம்மையானதே. ஆனால் 31 என்பது எங்கும் மாறாத எண்ணன்று. ஒருவர் பத்தில் ஒரு பங்கு குறைகளையே காணக்கூடிய கருவியாக இருந்தால், அதே கணக்கின்படி ஐவர் காண்பது 41 விழுக்காடே. லாரா ஃபோக்னர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அறுபது பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐவர் ஐவராகப் பல குழுக்களைத் திருவுளச் சீட்டுப்போல் எடுத்துப் பார்த்தார். சராசரி 85 விழுக்காடாகவே வந்தது. ஆனால் சில குழுக்கள் 55 விழுக்காட்டோடு நின்றுவிட்டன. நமக்கு வாய்க்கும் ஐவர் எந்தக் குழுவினர் என்பதை யார் அறிவர்? மேலும் நம் கல்லூரிகளில் பயனாளர் ஒரே தன்மையர் அல்லர். இளநிலை மாணவர், முதுநிலை ஆய்வாளர், அஞ்சல்வழி பயிலும் ஆயர்கள், கைப்பேசியில் மட்டுமே தேடுவோர் எனப் பலர் உளர். ஐவர் என்பதை ஒவ்வொரு பிரிவிற்கும் ஐவர் எனக் கொள்வதே எமக்கு நேரியதாகத் தோன்றுகிறது.

சோதனைகள் வெளிப்படுத்தியவை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி நூலகத்தைச் சார்ந்த ஜான் கூப்பர்ஸ்மித், பல கல்வி நூலகங்கள் நடத்திய பயன்பாட்டுச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து வந்தார். 2012-ஆம் ஆண்டுத் தொகுப்பு பலராலும் எடுத்தாளப்படுகிறது. இதழ்க் கட்டுரையைக் கண்டடையும் பணியில் மாணவர் பெற்ற வெற்றி சராசரியாக ஏறத்தாழப் பாதி அளவே என்பது அதிற்கண்ட செய்தி. ‘தரவுத்தளம்’, ‘பட்டியல்’, ‘பருவ வெளியீடு’, ‘அட்டவணை’, ‘மூலவளம்’, ‘நூலகங்களுக்கிடையே இரவல்’ ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை மாணவர் அடிக்கடி தவறாகப் புரிந்துகொண்டனர். சுருக்கப் பெயர்களும் வணிகப் பெயர்களும் அவர்களுக்கு ஒன்றையும் உணர்த்தவில்லை. ‘நூல்களைக் கண்டடைய’, ‘கட்டுரைகளைக் கண்டடைய’ என்று செய்யும் செயலையும் பெறும் பொருளையும் கூறும் தொடர்களே நன்கு விளங்கின. ஆங்கிலம் தாய்மொழியாயுள்ள மாணவர் பலர் பயிலும் இடங்களிலேயே நிலை இதுவாயின், அதே திரையை மாற்றமின்றி நம் மாணவர்முன் வைக்கும்போது நிகழ்வதை ஊகிப்பது கடினமன்று.

இதழ்க் கட்டுரை ஏன் இத்துணை இடர் தருகிறது? மரபான நூற்பட்டியலில் இதழின் பெயர் இருக்கும். அதனுள் உள்ள கட்டுரைகளின் பெயர்கள் இரா. கட்டுரைகளுக்குத் தனி அட்டவணைகள் உண்டு. சமயத் துறையில் அமெரிக்க இறையியல் நூலகச் சங்கம் 1949 முதல் வெளியிட்டு வந்த இதழ் அட்டவணையும், அதன் வழிவந்த மின்தரவுத்தளமும் புகழ்பெற்றவை. நூலகர்க்கு இவ்வேறுபாடு பகல்போல் தெளிவு. மாணவர்க்கோ இரண்டும் நூலகமே. அடிக்குறிப்பிலுள்ள கட்டுரைத் தலைப்பை அவர் நூற்பட்டியலின் பெட்டியில் இடுகிறார். இல்லை என விடை வருகிறது. இல்லை என்றே நம்புகிறார். அவர்மீது நாம் குற்றங்காண இயலாது. இங்கே கட்டுரைகளைத் தேட இயலாது என்று அப்பெட்டி எங்கும் சொல்லவில்லை.

இக்குறையை நீக்க, 2009 முதல் நூல், கட்டுரை ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டியில் தேடும் ஒருங்கிணைந்த தேடுகருவிகள் பெருகின. ஆனால் ஒரு குறை நீங்கிய இடத்தில் வேறொன்று முளைத்தது. முன்பு விடையே கிடைக்கவில்லை. இப்போது ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. அமெரிக்காவின் பக்னெல், இல்லினாய்ஸ் வெஸ்லியன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, மாணவர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தும் முறையைக் கவனித்தது. எந்தக் கருவியாயினும், அவர்கள் அதன் முன்னமைவை அப்படியே ஏற்றுக்கொண்டு, முதற்பக்கத்தில் வந்தவற்றிலிருந்தே பெரும்பாலும் தெரிவு செய்தனர். அஃதாவது, எது முதலில் வர வேண்டும் எனக் கருவி தீர்மானிக்கிறதோ, அதுவே மாணவரின் நூற்பட்டியாகிவிடுகிறது. ஓர் ஆய்வேட்டின் துணைநூற் பட்டியலை மதிப்பிடும் ஆசிரியர் இதனைச் சற்றே எண்ணிப்பார்த்தல் தகும்.

விடைகளைச் சுருக்கிக் கொள்ளத் திரையின் ஓரத்தில் மொழி, ஆண்டு, பொருள் எனப் பிரிவுகளைக் காட்டும் முறையை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக நூலகம் 2006 சனவரியில் தன் பட்டியலில் அறிமுகப்படுத்தியது. வணிகத் தளங்களில் பொருள்களைத் தெரிவு செய்யப் பயன்பட்ட மென்பொருளே அங்குப் பயன்பட்டது. இன்று இம்முறை எங்கும் உண்டு. இது உண்மையில் நல்ல ஏற்பாடு. பழைய பொருட்டலைப்புகளுக்கு இது மறுவாழ்வு அளித்தது என்றுங்கூறலாம். ஆனால் ஓரத்தில் இருப்பதைத் தேடுவோர் காண்கின்றனரா என்பது ஒவ்வொரு நூலகத்திலும் சோதித்தே அறிய வேண்டியது. கைப்பேசித் திரையில் அவ்வோரமே மறைந்துவிடுவதுண்டு.

இறையியல் நூலகங்களுக்குரிய இடர்கள்

காங்கிரசு நூலகத்தின் பொருட்டலைப்புப் பட்டியலை உலகெங்கும் கல்வி நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் திருவிருந்து, ‘லார்ட்ஸ் சப்பர்’ என்னும் தலைப்பின்கீழ் வருகிறது. ‘யூகரிஸ்ட்’, ‘ஹோலி கம்யூனியன்’ என்று தேடும் மாணவருக்கு, அச்சொற்கள் நூற்பெயரில் இருந்தாலன்றி நூல் அகப்படாது. அட்டைப் பட்டியலில் இத்தகைய இடங்களில் ‘அங்கே காண்க’ என்று வழிகாட்டும் அட்டை ஒன்றிருந்தது. கணினிக்கு மாறியபோது பல நூலகங்களில் பதிவுகள் மாறினவேயன்றி, அவ்வழிகாட்டி அட்டைகள் தேடலோடு இணைக்கப்படவில்லை. முன்னேற்றம் என நாம் கருதியதில் இவ்விழப்பு கலந்திருந்தது. தமிழிலோ திருவிருந்து, இராப்போஜனம், நற்கருணை என ஒவ்வொரு சபை மரபும் தனக்கென ஒரு சொல் வைத்திருக்கிறது. மூன்றையும் இணைக்கும் வழிகாட்டி இல்லாத பட்டியலில், ஒரு மரபினர் மற்ற மரபினரின் நூலைக் காணவே மாட்டார்.

திருமறை நூல்களின் நிலையும் கருதத்தக்கது. நெடுங்காலமாக ஆதியாகமத்தைப் பற்றிய நூல்கள், பைபிள் என்னும் சொல்லையும் பழைய ஏற்பாட்டைக் குறிக்கும் ஈரெழுத்துச் சுருக்கத்தையும் அடுத்து ஆதியாகமத்தின் ஆங்கிலப் பெயரைக் கொண்ட தலைப்பின்கீழ் வைக்கப்பட்டன. 2013-இல் புதிய பட்டியல் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது அச்சுருக்கம் நீக்கப்பட்டது. பழைய பதிவுகளைத் திருத்தாத நூலகத்தில் ஒரே திருமறை நூலுக்கு இரு தலைப்புகள் நிலவும். ஒன்றை அழுத்தியவர் மற்றதன்கீழ் உள்ள விளக்கவுரைகளை இழப்பார்.

கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலின் ஆங்கிலப் பெயர் ‘ஏ’ என்னும் சுட்டிடைச் சொல்லோடு தொடங்குகிறது. பட்டியல் விதி அச்சொல்லை விட்டு அடுத்த சொல்லிலிருந்தே அகரவரிசை செய்யும். நூலின் முகப்பைப் பார்த்து அப்படியே எழுதித் தலைப்பு வரிசையில் தேடுபவர், பழைய கருவிகளில் ஏமாற்றமே அடைந்தார்.

இவற்றினும் பெரியது எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல். பன்னாட்டு நூலகங்களில் தமிழ் நூல்கள் உரோம எழுத்தில் பதியப்படுகின்றன. அம்முறையில் ஒரு தமிழெழுத்துக்கு ஒரே உரோம எழுத்து. ஒலி எதுவாயினும் தகரம் ‘டி’ என்னும் வல்லெழுத்தாகாமல் ‘தமிழ்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகவே எங்கும் வரும். ககரமும் அவ்வாறே ‘கடல்’ என்பதன் முதலொலியாகவே எழுதப்படும். எனவே ‘வேதாகமம்’ என்பதை நாம் ஒலிப்பதற்கேற்ப மெல்லொலிக்குரிய ஆங்கில எழுத்துக்களை இட்டுத் தேடினால் ஒன்றும் வாராது. நெடிலுக்கு மேற்கோடும், றகர னகரங்களுக்கு அடிக்கோடும் உண்டு. அவற்றை இடாவிடினும் பெரும்பாலான கருவிகள் பொறுத்துக்கொள்ளும். மெய்யெழுத்தை மாற்றினால் பொறுப்பதில்லை. மார்க் முறையில் மூல எழுத்திலேயே பெயரைப் பதிய 880 என எண்ணிட்ட புலம் உண்டு. அது நிரப்பப்பட்டிருந்தால் தமிழில் தட்டச்சு செய்து தேடலாம். வெறுமையாயிருந்தால் தமிழ் நூலைத் தமிழில் தேட இயலாது. தமிழ் நூல்களை நாடும் ஆய்வாளர்க்குப் பட்டியலில் இதனினும் பெரிய தடை வேறில்லை.

கண்டபின் செய்வது

சோதனை முடிந்தவுடன், அன்றே, நடத்தியவரும் குறிப்பெடுத்தவரும் அமர்ந்து கண்டவற்றைத் தொகுக்க வேண்டும். எத்தனை பேர் இடறினர், இடறல் பணியை நிறுத்தியதா அல்லது தாமதப்படுத்தியதா, திருத்துவது நம் கையில் உள்ளதா என்னும் மூன்றையும் நோக்கி வரிசைப்படுத்தலாம். வணிக நிறுவனங்கள் அளிக்கும் கருவிகளில் பொத்தான்களின் பெயர், முன்னமைவு போன்றவற்றையே பெரும்பாலும் மாற்றலாம். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்திற்காக உருவாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த ‘கோஹா’ போன்ற திறந்த மூல மென்பொருளைக் கொண்டுள்ள கல்லூரிகளுக்கு இன்னும் அதிக உரிமை உண்டு. (மாவோரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்று பொருள்.) சொற்களைத் தமிழாக்கலாம், ‘முடிவுகள் எவையும் இல்லை’ என்பதற்குக் கீழே, ‘கட்டுரை தேடுகிறீர்களாயின் இங்கே செல்க, நூலகரைக் கேட்க’ என்று இரண்டு வரி சேர்க்கலாம். இத்தகைய திருத்தத்திற்குப் பொருட்செலவே இல்லை.

மாணவர்க்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா என வினவும் நூலகர் உளர். பயிற்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போர்க்மன் கூறிய முதலிரு வகை அறிவும் கற்பித்தே வரவேண்டும். ஆனால் பொத்தானில் உள்ள ஒரு தவறான சொல்லை விளக்க ஆண்டுதோறும் ஒரு வகுப்பு எடுப்பதைக் காட்டிலும், அச்சொல்லை ஒருமுறை மாற்றுவது எளிது. அவ்வகுப்பிற்கு வராத ஆயருக்கும் அதுவே உதவும்.

தொடங்க விரும்பும் கல்லூரிக்கு ஏற்ற காலம், ஆய்வேட்டுப் பொருள்கள் முடிவாகி ஓரிரு வாரங்கள் கழிந்த நாள்களே. அப்போது மாணவரிடம் மெய்யான தேடல்கள் கையிலிருக்கும். பணிகளுள் ஒன்றை அவரவர் தம் பொருளையே தேடுமாறு விட்டுவிடலாம். எஞ்சிய பணிகளுள் ஒன்றேனும், அந்நூலகத்தில் உள்ளதென நாம் உறுதியாக அறிந்த ஒரு தமிழ் நூலைப் பற்றியதாக இருக்கட்டும். அதன் பெயரை மாணவர் முதலில் எந்த எழுத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் இடுகிறார் என்பதைக் குறிப்பெடுப்பவர் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஐவர் ஐந்து விதமாக இடுவார்களாயின், அவ்வைந்தையும் அந்நூலின் பதிவில் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிட ஒரு பிற்பகல் போதும்.